வைப்பர் மோட்டாரும் ஒரு நல்ல யோசனையும்

1967 ஜூன் 4. ஹாலந்தின் கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஜாண்ட்வோர்ட் பந்தயப் பாதை. அன்றுதான் முதல்முறையாகப் பந்தயத்துக்கு வந்த ஓர் எஞ்சின், லோட்டஸ் 49-இல் ஜிம் கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கே ஜெயித்தது. காஸ்வொர்த் டிஎஃப்வி. 1983 வரை அந்த எஞ்சினும் அதன் வாரிசும் சேர்ந்து 155 கிராண்ட் பிரி பந்தயங்களை வென்றன. அதன் எட்டு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலை அளந்து கொடுத்தது பர்மிங்ஹாமைச் சேர்ந்த லூகாஸ் கம்பெனியின் இயந்திர இன்ஜெக்‌ஷன். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. துல்லியமாகக் கடைந்த உலோகமும் அதைச் சுழற்றும் சக்கரமும்தான்.

அதே 1967-இல், அதே யோசனையின் இன்னொரு வடிவத்தைப் பொருத்தி, காவென்ட்ரியின் டிரையம்ஃப் கம்பெனி டிஆர்5 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவந்த முதல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று அதைச் சொல்வார்கள். 2,947 வண்டிகளோடு அது நின்றது. ஜெர்மனியின் கார்மன் கம்பெனி முகத்தையும் பின்புறத்தையும் திருத்திக் கொடுக்க, டிஆர்6 என்று மறுபிறவி எடுத்தது. உள்ளே இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினும் லூகாஸ் இன்ஜெக்‌ஷனும் அப்படியே தொடர்ந்தன. பந்தயப் பாதையில் கொடிகட்டிப் பறந்த யோசனை, சாலையில் சில வருடங்களுக்குள் கேலிப்பொருளாகிவிட்டது. நடுவழியில் நிற்கும் வண்டி, பெட்ரோல் வாடை வீசும் டிக்கி, ஒரு மெக்கானிக் தொட்டால் இன்னொரு மெக்கானிக் தொட மறுக்கும் எஞ்சின் என்று கதைகள் பெருகின.

இன்று அந்தக் கார்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. லூகாஸைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா, கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவதா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது என்பது ஒன்று. கார் என்பது ஓடுவதற்கு, ஓடாத அசலைவிட ஓடுகிற மாற்று மேல் என்பது இன்னொன்று. இருவரும் எரிபொருள் அமைப்பு என்பதை ஒற்றைப் பொருளாக நினைத்துத்தான் பேசுகிறார்கள். எனக்கு அங்கேதான் இடறுகிறது. டேங்கில் தொடங்கி சிலிண்டர் வாயில் முடியும் அந்தப் பாதையில் யோசித்துச் செய்த பொருளும் இருக்கிறது, கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய பொருளும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மரியாதை எதற்கு?

கார்புரேட்டரிலிருந்து தொடங்குவதுதான் முறை. எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிறது. காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவில், பக்கத்துக் கிண்ணத்தில் மிதவையின் காவலில் நிற்கும் பெட்ரோல் நுண்துளை வழியே மேலேறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. அளப்பவர் யாரும் இல்லை. காற்றே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டு போகிறது. எளிமை என்றால் அப்படி ஓர் எளிமை. ஆனால் கிண்ணத்தில் தளும்பும் திரவத்தை நம்பி இருக்கும் எதற்கும் ஒரு பலவீனம் உண்டு. தரை சாய்ந்தால், உடல் குலுங்கினால், தலைகீழானால் அது தடுமாறும்.

1940-இல் பிரிட்டன் இதை வானத்தில் கற்றுக்கொண்டது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்ந்தால், கிண்ணத்துப் பெட்ரோல் மேல்நோக்கி எகிறி, எஞ்சின் ஒரு கணம் மூச்சுத் திணறும், பிறகு அளவுக்கு மீறிக் குடித்துப் புரையேறும். எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட்டில் இருந்த டைம்லர்-பென்ஸ் எஞ்சினில் நேரடி இன்ஜெக்‌ஷன். அது எந்தக் கோணத்திலும் தவறாமல் குடிக்கும். துரத்தப்படும் ஜெர்மன் விமானி மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தே தப்பித்துக்கொள்வார். இதற்குத் தற்காலிகமாக ஒரு மருந்து கண்டுபிடித்தவர் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வகத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். புரூக்லாண்ட்ஸ் பாதையில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைலைத் தாண்டிச் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். அவர் எஞ்சினை மாற்றவில்லை, கார்புரேட்டரையும் மாற்றவில்லை. எஞ்சின் முழுபலத்தில் கேட்கும் அளவைத் தாண்டி ஒரு சொட்டும் போகாதபடி, எரிபொருள் குழாயில் துளையிட்ட சிறு உலோகத் தட்டு ஒன்றைப் பொருத்தினார். 1941-இல் அவரும் ஒரு சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் அதை மாட்டிவிட்டு வந்தார்கள். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரின் வேலை அது. பழைய காரைத் தொடுகிறவர்கள் யாராவது ஒருவரின் படத்தைப் பட்டறையில் மாட்ட வேண்டுமென்றால் ஷில்லிங்கின் படத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

லூகாஸின் இன்ஜெக்‌ஷன் சாலைக் கார்களுக்கு வந்தபோது அதன் மையத்தில் இருந்தது மீட்டரிங் யூனிட் என்ற கைக்கடக்கமான ஒரு பெட்டி. டிஆர் கார்களில் இது எஞ்சினின் பக்கவாட்டில், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் அதே தண்டிலிருந்து வேகம் வாங்கிக்கொண்டு, எஞ்சின் சுற்றுக்குப் பாதி வேகத்தில் சுற்றுகிறது. உள்ளே ஒரு ஸ்லீவ், அதற்குள் ஒரு ரோட்டர், அந்த ரோட்டரின் நடுத்துளைக்குள் இங்குமங்கும் ஓடும் ஒரு சின்ன உலோகத் துண்டு. அதற்குத்தான் ஷட்டில் என்று பெயர்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. அழுத்தத்தோடு வரும் பெட்ரோல், ரோட்டரின் ஒரு துளை வழியாக உள்ளே நுழைந்து ஷட்டிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுகிறது. தள்ளப்படும் ஷட்டில், மறுபக்கத்தில் ஏற்கெனவே நிரம்பியிருந்த பெட்ரோலை வெளியே தள்ளி, அந்தக் கணத்தில் திறந்திருக்கும் இன்ஜெக்டர் குழாய்க்கு அனுப்பிவிடுகிறது. ரோட்டர் கொஞ்சம் திரும்பியதும் துளைகள் இடம் மாறுகின்றன. இப்போது வரத்து மறுபக்கத்திலிருந்து. ஷட்டில் திரும்பி ஓடுகிறது, அடுத்த சிலிண்டருக்குப் பங்கு போகிறது. வரும் பெட்ரோலே, போக வேண்டிய பெட்ரோலை அளந்து அனுப்புகிறது. ஷட்டில் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அதுதான் அளவு. அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது ஒரு முனையில் நகரக்கூடிய தடுப்பு. எஞ்சினின் இன்லெட் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஒரு டயஃப்ரத்தை இழுக்க, ஸ்பிரிங்குகள் எதிர்த்து நிற்க, இரண்டுக்கும் இடையிலான பேரத்தில் சிறு உருளைகள் ஒரு சரிவில் ஏறி இறங்கி அந்தத் தடுப்பை நகர்த்துகின்றன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும், தடுப்பு விலகும், ஷட்டில் நீண்ட ஓட்டம் ஓடும், பெட்ரோல் கூடும். காலை எடுத்தால் எல்லாம் தலைகீழ். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது இந்தப் பங்கீடு நிமிடத்துக்கு 15,000 முறை நடக்கிறது. இதற்குத் தனியாக எண்ணெய் விடுவதும் இல்லை. ஷட்டிலுக்கும் ரோட்டருக்கும் வழுக்கல் தருவதும் அந்தப் பெட்ரோல்தான்.

இதைப் பழுதுபார்ப்பது எப்படி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்குவது சுலபம். லாரிப்பேட்டைகளை ஒட்டி ‘டீசல் பம்ப் சர்வீஸ்’ என்று பலகை போட்ட பட்டறைகளைப் பார்த்திருப்போம். உள்ளே ஒரு நீளமான மேடை, அதில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் சம அளவு எண்ணெய் ஏறுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும் ஒருவர். லூகாஸ் மீட்டரிங் யூனிட்டுக்கும் அதே மாதிரி மேடைதான். ஆறு குழாய்கள், குறிப்பிட்ட வெற்றிடத்தில் குறிப்பிட்ட சுற்றுகளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. டயஃப்ரம் கிழிந்திருந்தால் மாற்று, ஓ-ரிங்குகளை மாற்று, ஸ்பிரிங் அடைவுகளைத் திருத்து. ஆனால் அழுக்கு நுழைந்து ரோட்டரும் ஸ்லீவும் கீறல் விழுந்திருந்தால் அதற்கு வைத்தியம் பெரும்பாடு. அவை ஒன்றுக்கொன்று ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. மெல்லிய தலைமுடி நுழையக்கூட இடைவெளி கிடையாது. குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்திவைத்தால், உள்ளே காய்ந்த பெட்ரோல் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருந்தால் நீண்டநாள் வாழும் பொருள் இது. அலங்காரமாக நிறுத்திவைத்தால் சாகும். அசல் மாறாமல் இருக்க வேண்டும் என்று காரை விரிப்பு போட்டு மூடிவைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி டிக்கிக்குப் போவோம். கேலிக்கதைகள் பிறந்த இடம் அதுதான்.

மீட்டரிங் யூனிட்டுக்குப் பெட்ரோல் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வர வேண்டும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு சுமார் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் வீரியம் புரியும். அந்த அழுத்தத்தை உண்டாக்க லூகாஸ் டிக்கியில் ஒரு மின்பம்பை வைத்தது. சிறிய பற்சக்கரப் பம்ப். அதைச் சுழற்றும் மோட்டார் எங்கிருந்து வந்தது? கம்பெனியின் கையிருப்பில் இருந்த கண்ணாடி வைப்பர் மோட்டாரின் வம்சத்திலிருந்து. மழைத்துளி துடைக்கப் பிறந்த மோட்டார், வண்டி ஓடும் நேரமெல்லாம் முழுபலத்தில் நூறு பவுண்டு அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. இயல்பாகவே சூடேறும். எஞ்சினுக்குத் தேவைப்படாத மிச்சப் பெட்ரோல் ரிலீஃப் வால்வு வழியாக டேங்குக்கே திரும்புகிறது, போகும்போது பம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. டேங்க் நிறைந்திருந்தால் கவலையில்லை. கால் டேங்க் பெட்ரோலோடு கோடைகால நெரிசலில் ஊர்ந்தால், அதே கொஞ்சம் பெட்ரோல் திரும்பத் திரும்பச் சுற்றி வெந்நீராகும். பம்பின் வாயில் ஆவி கட்டும். பம்ப் ஓலமிடும், அழுத்தம் விழும், வண்டி நிற்கும். பிரிட்டனில் இதற்கு ஒரு நாட்டுவைத்தியம் பிரசித்தம். பக்கத்துக் கடையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து பம்பின் மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பட்டாணியைச் சாயந்திரம் சமைத்தார்களா என்பது பற்றித் தகவல் இல்லை.

ஷட்டிலை யோசித்த அதே கம்பெனிதான் வைப்பர் மோட்டாரையும் எடுத்து மாட்டியது. ஒன்றில் பொறியாளரின் மூளை தெரிகிறது, மற்றதில் கணக்குப்பிள்ளையின் பென்சில். பந்தயக் கார்களில் இதே இன்ஜெக்‌ஷன் மானம் காத்ததற்கும் சாலையில் மானம் போனதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. டிஎஃப்வி எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அதைப் பிரித்துப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். டிஆர்6 வைத்திருந்தவர் திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டியவர். அவருடைய ஊர் டீலரின் பட்டறையில் இருந்தவர்கள் கார்புரேட்டரோடு வளர்ந்தவர்கள். வண்டி இழுக்கிறது, புகைகிறது என்றால் அவர்கள் கை முதலில் போனது மீட்டரிங் யூனிட்டுக்கு. காரணம், அதுதான் அவர்களுக்குப் புரியாத பொருள். உண்மையில் கோளாறு பல சமயம் தேய்ந்த த்ராட்டில் தண்டில் காற்றுக் கசிவாக இருக்கும், வெடித்துப்போன வெற்றிடக் குழாயாக இருக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் திறக்கும் த்ராட்டில்களாக இருக்கும், அழுத்தம் விழுந்த பம்பாக இருக்கும். சில சமயம் வெறும் பாயின்ட் தேய்மானம். சரியாக இருந்ததைத் திறந்து கெடுத்துவிட்டு, லூகாஸைத் திட்டினார்கள். டிரையம்ஃபும் பின்வாங்கியது. முதலில் 150 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த எஞ்சினுக்கு 1973 வாக்கில் சாதுவான கேம்ஷாஃப்டைப் போட்டு 125-க்கு அருகில் இறக்கியது. பழைய கேம்ஷாஃப்ட் ஐட்லிங்கில் ஒழுங்கான வெற்றிடம் தராது, வெற்றிடம் ஒழுங்கில்லாவிட்டால் வெற்றிடத்தை நம்பியிருக்கும் டயஃப்ரம் என்ன செய்யும்? 1975-இல் இன்ஜெக்‌ஷன் டிஆர்6 நின்றது. அதே எஞ்சினோடு விற்ற 2.5 பிஐ என்ற குடும்பக் காரும் அதே காலத்தில் கார்புரேட்டருக்குத் திரும்பியது.

லூகாஸுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இருளின் இளவரசர்’. அதன் விளக்குகளையும் ஒயரிங்கையும் பற்றிய கேலி அது. சென்னைக்காரருக்கு இந்தக் கேலி கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். நமக்கு லூகாஸ் என்றால் பாடி. 1961-இல் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து அங்கே தொடங்கிய தொழிற்சாலை, அதன் பெயரையே வாங்கிக்கொண்ட பஸ் நிறுத்தம், தலைமுறை தலைமுறையாக அங்கே ஷிஃப்டு பார்த்த குடும்பங்கள். டிரையம்ஃபும் நமக்கு அந்நியமில்லை. அதன் ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவானது. ஒற்றைக் கார்புரேட்டரோடு ஓடிய சாது வண்டி. இன்ஜெக்‌ஷன் டிரையம்ஃபுகள் இங்கே செய்யப்படவில்லை. சென்னை மே மாதத்து வெயிலையும் அந்த வைப்பர் மோட்டாரையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் அது நல்லதாகவே படுகிறது.

சரி, கழற்றி எறிபவர்கள் எதை மாட்டுகிறார்கள்? காதல்வயப்பட்டவர்கள் வெபர் கார்புரேட்டர் மாட்டுகிறார்கள். எடோர்டோ வெபர் 1923-இல் பொலோனியாவில் தொடங்கிய கம்பெனி. அதன் பக்கவாட்டு இரட்டைக் கார்புரேட்டர் மூன்றை வரிசையாக வைத்தால் ஆறு சிலிண்டருக்கு ஆறு வாய். பார்க்க அழகு, கேட்க அதைவிட அழகு. பந்தயக் கார்களின் பாதிச் சரித்திரம் அந்த உறுமலில் இருக்கிறது. ஆனால் வெபரும் எடுத்தவுடன் ஓடும் பொருள் இல்லை. ஜெட், எமல்ஷன் குழாய், கழுத்தின் விட்டம் என்று ஒவ்வொன்றையும் அந்த எஞ்சினுக்கென்று பொறுக்கி எடுக்க வேண்டும். லூகாஸ் புரியவில்லை என்று ஓடிவந்தவர் வெபரைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தாக வேண்டும். அந்த உழைப்பில் பாதியை லூகாஸுக்குக் கொடுத்திருந்தால் பழையதே ஓடியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிஆர்6-இன் பின்புறத்தில் ‘இன்ஜெக்‌ஷன்’ என்று பெருமையாக எழுதியிருக்கும். கார்புரேட்டருக்கு மாறிய பலரும் அந்த எழுத்தை மட்டும் எடுப்பதில்லை. இத்தாலியில் இதற்கு மூத்த உதாரணம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மாஸராட்டி தன் 3500 ஜிடிஐ காரில் இதே லூகாஸ் இன்ஜெக்‌ஷனை வைத்தது. பெயரின் கடைசியில் இருக்கும் ஐ அதற்குத்தான். வாங்கிய பணக்காரர்கள் பலர் சில வருடங்களிலேயே அதைக் கழற்றி வெபர் மாட்டிக்கொண்டார்கள். ஐ மட்டும் காரின் முதுகில் தங்கிவிட்டது.

இரண்டாவது வழி மின்னணு இன்ஜெக்‌ஷன். டிரையம்ஃபின் அசல் த்ராட்டில் குழல்களையும் மேனிஃபோல்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மின் இன்ஜெக்டர்களைச் சொருகி, இருக்கைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டரை ஒளித்துவைக்கும் ஏற்பாடுகள் உண்டு. பானெட்டைத் திறந்தால் எல்லாம் பழையதுபோலவே இருக்கும். வெளியே முதுமை, உள்ளே இளமை என்பதில் எனக்கு ஏனோ ஒட்டவில்லை. ஆனாலும் இந்தக் கட்சியின் கையில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அது பெட்ரோலைப் பற்றியது.

1967-இல் ஷட்டிலுக்குள் ஓடிய பெட்ரோல் இன்று உலகத்தில் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை பிரிட்டனில் 1999 முடிவோடு நின்றது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் என்றால் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலந்தது. விலை கூடிய உயர்ரகத்தில்தான் 5 சதவிகிதம். இந்தியாவில் 20 சதவிகிதமே வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்தக் காலத்து ரப்பர்களை ஊறவைத்து இளக்கும். நூறு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் போகும் குழாய் இளகினால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. குழாய்களையும் சீல்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதில் அசல் பேசுபவர்களும் வாய் திறக்கக்கூடாது. அது உயிர்ப் பிரச்சினை. அதற்கு மேல் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அளவில் கூடுதல் எரிபொருள் தேவை. ஷட்டில் அளப்பது கன அளவை மட்டும். தன் வழியே போவது என்ன சரக்கு என்று அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரோ புகைக்குழாயில் ஒரு சென்சாரை வைத்து முகர்ந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அப்படியென்றால், அசல் அமைப்பு என்ற பேச்சில் திரவத்தையே விட்டுவிட்டோமே என்று மின்னணுக்காரர் கேட்டால், கேட்கட்டும். மீட்டரிங் யூனிட்டைச் சோதனை மேடையில் ஏற்றும்போது இன்றைய பெட்ரோலுக்கு ஏற்றபடி சற்றுத் தாராளமாக அளக்கச் செய்ய முடியும் என்பது மட்டுமே என் பக்கத்து விடை. அது பாதி விடைதான்.

சர்வதேசப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் வருட வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்த ஆவணம். மாற்றம் தவிர்க்க முடியாதென்றால் அடக்கமாகச் செய்யுங்கள், திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற விதத்தில் செய்யுங்கள், செய்ததை எழுதிவையுங்கள், கழற்றிய அசல் பாகங்களைக் காரோடு வைத்திருங்கள் என்பது அதன் சாரம். நல்ல புத்திதான். ஆனால் கோவில் கோபுரத்துக்கும் காருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோபுரம் தன் இடத்தில் நின்றாலே தன் வேலையைச் செய்கிறது. கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைத்த மீட்டரிங் யூனிட் எந்த வேலையையும் செய்வதில்லை. உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்கிறது. அதோடு, அதை மேடையில் ஏற்றி ஆறு குழாயையும் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ஒரு வாடிக்கை குறைகிறது. இப்படி வாடிக்கை குறைந்து குறைந்துதான் கைவேலைகள் அழிகின்றன. பாகத்தைப் பெட்டியில் பாதுகாக்கலாம், அதைப் பழுதுபார்க்கும் அறிவை எந்தப் பெட்டியில் வைப்பது? டிரையம்ஃப் விஷயத்தில் நல்லகாலம், அந்த அறிவு இன்னும் பிரிட்டனில் சில பட்டறைகளில் உயிரோடிருக்கிறது. 1970-களின் டீலர்களுக்குத் தெரிந்ததைவிட இன்றைய அந்தச் சிலருக்கு லூகாஸைப் பற்றி அதிகம் தெரியும் என்றே சொல்ல வேண்டும்.

பழையது எல்லாமே இப்படி உபகாரம் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954-இன் மெர்சிடிஸ் 300 எஸ்எல், அந்த மெஸ்ஸர்ஷ்மிட் எஞ்சினின் அனுபவத்திலிருந்து வந்த நேரடி இன்ஜெக்‌ஷனோடு பிறந்தது. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சுற்றி நிற்கும்வரை அதன் பம்ப் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் கீழிறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கடிக்கும். அடிக்கடி ஆயில் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனாலும் 300 எஸ்எல் காரிலிருந்து இன்ஜெக்‌ஷனைக் கழற்றுவதை யாரும் கனவிலும் நினைப்பதில்லை. அதன் விலை அப்படி. டிரையம்ஃபைக் கழற்றத் துணிந்ததற்கும் மாஸராட்டியைக் கழற்றிவிட்டு இப்போது திரும்பத் தேடுவதற்கும் பின்னால் சந்தை விலை நிற்கிறது. தத்துவம் பேசும் இடத்தில் இதை மறைப்பது நாகரிகமாகாது.

என் கட்சி எது என்றால், டிக்கியில் இருக்கும் வைப்பர் மோட்டார் பம்ப் போகட்டும். வருத்தமில்லை. அதற்குப் பதிலாக இப்போது பெரும்பாலோர் வைப்பது பாஷ் கம்பெனியின் பம்ப். அதில் பெட்ரோல் மோட்டாருக்குள்ளேயே ஓடி அதைக் குளிரவைத்துக்கொண்டு போகிறது. காற்று இல்லாத இடத்தில் பெட்ரோல் பற்றாது என்பதால் ஆபத்தும் இல்லை. உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதில்தான் அதற்குப் பலம், ஆகவே டேங்கின் மட்டத்துக்குக் கீழே, தாராளமான குழாயோடு வைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து, சீல்களையும் குழாய்களையும் புதுப்பித்து, நல்ல ஃபில்டரைப் போட்டுவிட்டால், கேலிக்கதைகளில் முக்கால்வாசி முடிந்துபோகும். மீட்டரிங் யூனிட், ஆறு இன்ஜெக்டர்கள், மூன்று ஜோடி த்ராட்டில்கள் எல்லாம் இருக்கட்டும். அந்தக் காரை வேறு எந்தக் காராகவும் இல்லாமல் அந்தக் காராக வைத்திருப்பவை அவை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் தயக்கமே இல்லாமல் கூர்மையாக எகிறும் அந்தக் குணம், ஐட்லிங்கில் லேசாக முரண்டுபிடிக்கும் அந்தக் குணம் இரண்டுமே ஷட்டிலின் ஓட்டத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க முடியாது.

பிரிட்டனில் இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அட்லாண்டிக்குக்கு மறுகரையில் வேறொன்று நடக்கிறது. டிரையம்ஃப் இன்ஜெக்‌ஷனை அமெரிக்காவில் விற்கவே இல்லை. 1968-இல் அமல்பட்ட புகைக்கட்டுப்பாட்டு விதிகள் ஒரு காரணம், செலவு இன்னொரு காரணம். டிஆர்5-க்குப் பதிலாக அங்கே போனது இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வைத்த டிஆர்250, 8,484 வண்டிகள். பிறகு தொண்ணூறாயிரத்துக்கு மேல் உற்பத்தியான டிஆர்6-களில் பெரும்பகுதியும் கார்புரேட்டரோடு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. அந்த அமெரிக்க வண்டிகளை வைத்திருப்பவர்களில் சிலர் இப்போது பிரிட்டனிலிருந்து லூகாஸ் இன்ஜெக்‌ஷனை வரவழைத்து மாட்டிக்கொள்கிறார்கள். சுலபமான வேலை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பீடத்தை மாற்ற வேண்டும், கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும், மிச்சப் பெட்ரோல் திரும்ப வர டேங்குக்கு இன்னொரு குழாய் விட வேண்டும். பிரிட்டனில் ஒருவர் கழற்றி விற்ற மீட்டரிங் யூனிட், தான் ஒருநாளும் இருந்திராத வகைக் காரில் போய் மறுபடி சுற்றத் தொடங்குகிறது. ஃபிவாவின் சாசனப்படி அது அசல் ஆகாது. வரவழைப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. பம்பை மட்டும் அவர்களும் பெரும்பாலும் பாஷிலேயே வாங்குகிறார்கள்.